நாலாவுக்கு நம்ம பாதி

தாராவியில் இருந்துகொண்டு, மழைக்காலத்தில் வீட்டுத் தரை காய்ந்து கிடக்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்பட்டால், அவளைக் கூறு கெட்டவள் என்றுதான் நாலு பேர் சொல்வார்கள். ரோசம்மாவையும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிப் போகிற ஆளா என்ன? "நான் கூறு கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். தண்ணி ஏறுனதும் கட்டிலு மேல அடுப்பத் தூக்கி வச்சுக் கஞ்சி காய்ச்சுதியே, அது எந்தக் கூறுல சேத்தி?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவர்கள் கருவாட்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகள் லூர்து மேரிக்கு ஜூன் கடைசியில் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது பம்பாய்க்கு வந்தாலும் மாறாத சங்கதி. புருஷனைப் பறிகொடுத்த பிறகு, கூடையில் கருவாடு சுமந்து அந்தப் பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள் ரோசம்மா. வளைகாப்பு முடிந்ததும் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்றுதான் செம்பூருக்குப் போனாள். சம்பந்தி மிக்கேலம்மாள் ஒரு தம்ளர் காப்பியைக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள்.

"மைனி, தப்பா எடுத்துக்கிடாதிய. போன மழைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப நானே பாத்தேன்லா. அடுப்படில காடித் தண்ணி நிக்குது. டேனரில சுரண்டிப் போட்ட தோலும் மயிரும் அதுல மிதக்குது. பச்ச உடம்புக்காரிய அதுக்குள்ள எப்படிப் படுக்கப் போட? முதல் வெள்ளம் வந்து போகட்டும். உங்க வீட்டுத் தரை காஞ்சு கிடந்துச்சுன்னா நானே கொண்டாந்து விடுதேன்."

சண்டை போட்டிருந்தால் ரோசம்மாவும் சண்டை போட்டிருப்பாள். இது நியாயமாக இருந்தது. நியாயத்தோடு எப்படிச் சண்டை போடுவது? உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு மேரி நின்றாள். அம்மா ஏதாவது சொல்வாள் என்று முகத்தைப் பார்த்தாள். ரோசம்மா காப்பியைக் குடித்துவிட்டு, "தரை காயும் மைனி, பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

காடி என்று அந்த ஊரில் சொல்வது உப்பங்கழியை. கடல்தண்ணீர் ஏறி வந்து இறங்கும் இடம். சந்தின் கடைசி வீடு ரோசம்மாவுடையது, பள்ளத்தில் இருப்பதும் அதுதான். அந்த வீட்டு முனையிலிருந்து காடி வரைக்கும் ஒரு நாலா, அதாவது வாய்க்கால், ஒரு காலத்தில் ஓடியது. இப்போது அது கச்சரா என்கிற குப்பையும் தோல் கழிவும் அடைத்துக்கொண்டு, மேடும் இல்லாமல் வாய்க்காலும் இல்லாமல் கிடந்தது. கடல் ஏற்றத்தில் வருகிற தண்ணீர் மேடு தாண்டி சந்துக்குள் வந்துவிடும், வற்றத்தில் திரும்பிப் போக வழி இருக்காது. சேற்றில் வேர்விட்டுக் கரையைப் பிடித்து நின்ற கண்டல் மரங்களும் போய்விட்டன. யார் வெட்டினார்கள் என்று கேட்டால் எல்லாரும் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சந்தில் கண்டல் விறகு எரியாத அடுப்பு கிடையாது, ரோசம்மா வீட்டு அடுப்பு உட்பட.

பஞ்சாபகேசனை அவள் பிடித்தது கோலி மீனவர்கள் குடியிருக்கிற கோலிவாடாவில். கோலிப் பெண்களிடம் மொத்தமாகக் கருவாடு எடுக்கப் போன இடத்தில், வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, குடையும் கையுமாக ஒருவர் படகுத்துறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாட்டுங்காக்காரர். கோட்டைப் பக்கம் இருக்கிற ஏதோ ஒரு கடலோர நற்பணி நிதியில் வேலை. கடலை ஒட்டி இருக்கிற ஏழைபாழைகள் தங்கள் கரையைச் சீர்செய்துகொள்ள அந்த நிதி சின்னச் சின்னதாக உதவி செய்கிறதாம். தமிழ் காதில் விழுந்ததும் ரோசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டாள். நாலாவைப் பார்க்காமல் அவரை மாட்டுங்கா ரயிலுக்கு விடுவதில்லை என்று தீர்மானித்து, அப்படியே தள்ளிக்கொண்டு வந்தும்விட்டாள்.

அவர் பார்த்தார். மூக்கை மூடிக்கொள்ளவில்லை, அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"பாருங்கோம்மா, நாங்க முழுசாக் குடுக்கறதில்லை. நீங்க பாதி போட்டேள்னா நாங்க பாதி போடுவோம். உங்க பாதி மொதல்ல கண்ணுல தெரியணும். நாலாவைத் தூர் எடுக்கலாம், கரையில கண்டலைத் திரும்ப நடலாம். நட்ட பின்னாடி ஒருத்தரும் அதுல அரிவாளை வைக்கப்படாது."

"பாதி எதுக்கு சார்? இருக்கப்பட்டவிய முழுசாத்தான் குடுத்தா என்ன?"

"முழுசாக் குடுத்தா அது எங்க நாலாவாயிடும். அடுத்த வருஷம் அடைச்சுண்டா எனக்குக் கடுதாசி போடுவேள். பாதி போட்டவா கச்சரா கொட்ட வரவனைக் கையைப் பிடிச்சு நிறுத்துவா."

ரோசம்மா யோசித்துப் பார்த்தாள். மனுஷன் சொல்வது சரிதான். ஓசியில் கொடுத்த கருவாட்டை யாரும் உப்பு சரியா என்று கேட்டு வந்ததில்லை. "எங்க பாதிய நான் காட்டுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வாக்குக் கொடுப்பது சுலபம். வசூல் என்று வாயைத் திறந்தால் சந்தில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். ஏற்கனவே குழாய்க்கு என்று ஒரு கமிட்டி போட்டு, வசூல் பண்ணியவன் சூரத்துக்கு ஓடிப்போன ஊர் அது. "ரோசம்மா கமிட்டியா?" என்று சிரித்தார்கள். எதிர்வீட்டு பூலோகம், கை அசைந்தால் காசு உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனுஷன், "ஏ ரோசம்மா, நீ செம்பூருக்கு ஓடிப்போறதுக்கு பஸ் சார்ஜு மட்டும் வேணும்னா கேளு" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சந்து முக்கில் அந்தோணியார் குருசடி ஒன்று உண்டு. ஒரு சிலுவை, ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே அந்தோணியார். அதன் பக்கத்தில்தான் ரோசம்மா கருவாட்டுக் கூடையோடு உட்காருவாள். ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழுவி, மேலே வாய் கீறி, அந்தோணியார் காலடியில் வைத்தாள். "நாலாவுக்கு. என் கையில குடுக்க வேண்டாம். அவரு காவலு. அவரு சூரத்துக்கு ஓட மாட்டாரு" என்று வருகிற போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

காசு விழுந்தது பாருங்கள், அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு உகந்த நாள். அன்றைக்கு வேதக்காரர்கள் மட்டுமா வந்தார்கள்? மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள் வந்தார்கள், டேனரியில் வேலை செய்கிற பாய்மார் வந்தார்கள். தகரத்தில் காசு விழுகிற ஓசையைக் கேட்டுக்கொண்டே ரோசம்மா கருவாடு நிறுத்தாள். மேரியை எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப் போடலாம், பிள்ளைக்குத் தொட்டில் எந்த உத்திரத்தில் கட்டலாம் என்றெல்லாம் மனசுக்குள் வீடு நடந்துகொண்டிருந்தது.

ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவளுக்குக் காது கேட்காதா? மூன்றாவது வீட்டு சொர்ணம்மாள் வந்து காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அந்தோணியாரே, என் மவன் காலு சரியாகி அவன் ஓடியாடித் திரியணும்" என்று சொல்லிப் போட்டாள். ஒருத்தன் ஊரில் வழக்கு ஜெயிக்க வேண்டும் என்றான். ஒருத்தி குடிகாரப் புருஷனுக்குப் புத்தி கேட்டாள். நாலா என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

அது நேர்ச்சைக் காசு. நேர்ந்து போட்ட காசு புனிதருடையது. அதில் எண்ணெய் வாங்கலாம், மெழுகுதிரி வாங்கலாம், திருநாளுக்கு ஏழைகளுக்குச் சோறு போடலாம். வேறு ஒன்றுக்கு அதைத் தொட்டால், கேட்ட வரமும் கைவிட்டுப் போகும், தொட்ட கையும் விளங்காது. ரோசம்மாவுக்கு இது பாலோடு ஊட்டினது. தெரிந்தும் அவள் பேசாமல் இருந்தாள். காசு விழுகிறதே, விழட்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, வியாபாரம் முடிந்து கூடையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தவள், முந்தி முடிச்சை அவிழ்த்து, "எம் புள்ள மேரி நல்லபடியாப் பெத்துப் பிழைக்கணும் சாமி" என்று தானும் தகரத்தில் போட்டுவிட்டாள். யோசித்துச் செய்தது இல்லை. கை தானாகப் போயிற்று. போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று திகைத்து நின்றாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரத்துக்குப் பஞ்சாபகேசன் வந்தார். சந்து முழுக்கக் கூடிவிட்டது. தகரத்தை அறுத்துச் சாக்கில் கொட்டினார்கள். அவர் குனிந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. வேண்டியதற்கு மேலேயே இருந்தது.

"பேஷ். ஒண்ணே ஒண்ணு கேட்டுண்டு போயிடறேன், எங்க டிரஸ்டிகள் கேப்பா. இது அத்தனையும் இந்தச் சந்து ஜனங்க நாலாவுக்குன்னு மனசாரக் குடுத்ததுதானே?"

சொர்ணம்மாள் கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள். வழக்குக்காரன் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தான். எல்லார் கண்ணும் கடைசியில் ரோசம்மாவிடம் வந்து நின்றன. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மனுஷன் சாக்கைப் பார்த்துத் திருப்தியோடு போய்விடுவார், மே மாதத்துக்குள் நாலா ஓடும், தரை காயும், மேரி வீட்டுக்கு வருவாள்.

ஆனால் அந்தச் சாக்கில் அவள் போட்டதும் கிடக்கிறதே. மகள் பிழைக்க வேண்டும் என்று கொடுத்ததைத் திருப்பி எடுத்து, மகள் படுக்கத் தரை காயவைப்பதா? நாளைக்கு அந்தத் தரையிலேயே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? நேர்மை என்று பெரிய பேரெல்லாம் அதற்கு வைக்க வேண்டாம். பாதி பயம்தான்.

"இல்ல சார்" என்றாள் ரோசம்மா. "இது அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டுப் போட்டது. நாலாவுக்குன்னு ஒருத்தரும் போடல. நானும் போடல."

பிடித்துக்கொண்டார்களே ஜனங்கள்! சொர்ணம்மாள்தான் முதலில். "உன்னைய யாரு கேட்டா? நாங்க வாயத் தொறந்தமா? அவருக்குத் தெரியாதாக்கும் நாலாவும் அவரு புள்ளையளுக்குத்தான்னு. வலிய வந்தத எட்டி ஒதைக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசியா?"

ரோசம்மா சளைக்கவில்லை. "சரி யக்கா. நீ உன் மவன் காலுக்குப் போட்டது நாலாவுக்குத்தான்னு அந்தோணியாரு முன்னாடி நின்னு இப்பவே சொல்லு. சொல்லிட்டு எடுத்துக் குடு. நான் வாய மூடிக்கிடுதேன்."

சொர்ணம்மாள் கூண்டைப் பார்த்தாள். முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். வேறு யாரும் முன்னால் வரவில்லை.

பஞ்சாபகேசன் சிரிப்பார் என்று ரோசம்மா நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. சாக்கின் வாயை அவரே கட்டி, அந்தோணியார் காலடியில் திரும்ப வைத்தார். "எங்காத்து உம்மாச்சி அலமாரியிலயும் மஞ்சத் துணியில முடிஞ்சு வச்ச நேர்த்திக் காசு இருக்கும்மா. வாடகைக்கு இல்லாம தவிச்ச மாசத்துலகூட எங்கம்மா அதைத் தொடவிட்டதில்லை" என்றார். பிறகு குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார். "பாதின்னா காசாத்தான் இருக்கணும்னு இல்லை. வேற ஒரு கரையில கல்லு சுமந்து பாதியைக் குடுத்திருக்கா. சந்து முனையிலேருந்து பாதி தூரம் நீங்க தோண்டுங்கோ, கண்டல் நாத்து நடுங்கோ. காடியிலேருந்து பாதி தூரம் நான் ஆள் வச்சுத் தோண்டறேன். மழைக்கு முன்னாடி ரெண்டும் நடுவுல சேரணும். உங்க பக்கம் நின்னுடுத்துன்னா என் பக்கமும் நின்னுடும்."

மறுநாள் வற்றம் பார்த்து ரோசம்மா மம்பட்டியோடு இறங்கினாள். சந்து வேடிக்கை பார்த்தது. சேறு முழங்காலுக்கு வந்தது, நாற்றம் தலைக்கு ஏறியது. ஒரு கூடை அள்ளிப் போட்டால் அரைக் கூடை வழிந்து திரும்ப வந்தது. ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. கோபம் அவ்வளவு. நல்ல தண்ணீர்க் குழாயில்கூட அவள் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள்.

முதலில் வந்தவன் பூலோகம். லுங்கியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"உனக்கு என்ன வந்துச்சு அண்ணாச்சி?"

"நான் அந்தத் தகரத்துல ஒத்தப் பைசா போடல. அதனால எனக்கு உன் மேல கோவமும் இல்ல, அந்தோணியாரு மேல பயமும் இல்ல. உடம்புக்கு என்ன செலவு? குளிச்சா போச்சு." சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தான். கஞ்சனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று நினைத்து ரோசம்மா அன்றைக்குத்தான் முதல் தடவை சிரித்தாள்.

பிறகு டேனரி பாய்மார் இரண்டு பேர், வேலை முடிந்து போகிற வழியில் இறங்கினார்கள். சொர்ணம்மாள் ஒருநாள் முழுக்க கரையில் நின்று ரோசம்மாவைத் திட்டித் தீர்த்தாள். "அங்க வெட்டுனா இங்க சரியுமே, அறிவிருக்கா?" என்று திட்டோடு திட்டாக யோசனையும் சொன்னாள். மறுநாள் கமேலா என்கிற இரும்புச் சட்டியோடு வந்து, "உனக்காக வந்தேன்னு நெனைக்காத" என்று சொல்லிச் சேற்றை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். சொர்ணம்மாள் இறங்கிய பிறகு மற்றவர்கள் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கோலிப் பெண்கள் கண்டல் நாற்றுகளைக் கூடையில் கொண்டுவந்து, எப்படி நட வேண்டும் என்று மராத்தியில் சத்தம் போட்டார்கள். சத்தம் போட்டது புரிந்தது, மராத்திதான் புரியவில்லை.

வற்றம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்துக்கு வரும். அதைப் பார்த்து ஆளைக் கூப்பிட ரோசம்மா இருக்க வேண்டும். அவள் ஒருநாள் இல்லாவிட்டாலும் ஆட்கள் கலைந்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். மே மாதத்தில் மாப்பிள்ளை தனசீலன் ஒருநாள் சைக்கிளில் வந்தான். செம்பூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, தூக்குவாளியோடு அப்படியே வந்திருந்தான்.

"அத்தை, மேரி உங்களத் தேடுதா. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

"வாரேன்னு சொல்லுங்க மாப்ள. இந்த நாலா ஒண்ணு முடிஞ்சிரட்டும்."

இன்னொரு முறை மிக்கேலம்மாளே ஆள் சொல்லி அனுப்பினாள். அதற்கும் அதே பதில்தான் போயிற்று. போகக்கூடாது என்று இல்லை. சயானுக்கு நடந்தால் பஸ், பஸ் ஏறினால் செம்பூர். ஆனால் வெறுங்கையோடு போய் அந்த வீட்டில் காப்பி குடித்துவிட்டு, மறுபடி மகளை விட்டுவிட்டுத் திரும்புவதா? போனால் கூட்டிக்கொண்டு வரத்தான் போவது. அதுவரைக்கும் அந்தப் படியை மிதிப்பதில்லை என்று அவள் ஒரு வைராக்கியம் வைத்திருந்தாள். ராத்திரி படுக்கும்போது உள்ளங்கைக் கொப்புளம் எரியும். எல்லாம் மேரிக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டால் எரிச்சல் அடங்கிவிடும்.

மழையின் முதல் தூறலோடு இரண்டு பாதியும் நடுவில் சேர்ந்தன. பஞ்சாபகேசனின் ஆட்கள் அந்தப் பக்கமிருந்து கடைசி மண்ணைத் தள்ள, கறுப்புத் தண்ணீர் கலகலவென்று காடியைப் பார்த்து ஓடியது. சந்து முழுக்கக் கரையில் நின்றது. அவர் குடைக்குள் நின்றபடி இரு கையையும் கூப்பினார். யாருக்கு என்று தெரியவில்லை.

ஆனால் முதல் பெருவெள்ளத்தைப் பார்க்காமல் எதையும் நம்ப முடியாது. பௌர்ணமி ஏற்றம் வந்தது, மழையும் கூடவே கொட்டியது. போன வருஷம் அந்த மாதிரி நாளில் வீட்டுக்குள் மீன் வந்திருக்கிறது. பொழுது விடிந்த நேரத்திலிருந்து ரோசம்மா வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு நாலாவையே பார்த்தாள். தண்ணீர் ஏறிற்று. புதுசாக நட்ட நாற்றுகள் முங்கின. கரை விளிம்பு வரைக்கும் வந்து தளும்பிக்கொண்டு நின்றது. அப்புறம், ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல், வந்த வழியே இறங்கிப் போயிற்று. சந்துக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பூலோகம் எதிர்வாசலில் நின்று, "அம்புட்டுத்தானா?" என்று ஏமாந்தவன் போலக் கேட்டான்.

ரோசம்மா உள்ளே போய்த் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அடுப்படியிலும் வைத்துப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. கன்னத்தை வைத்துப் படுக்கக்கூட அவளுக்குத் தோன்றியது. சாணி தேடிப் பிடித்து மெழுகி, கட்டிலைச் சுவரோரம் நகர்த்தி, பழைய சேலையால் தொட்டில் கட்டி இழுத்துப் பார்த்தாள். குளித்து, இருந்ததிலேயே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஒரே ஒத்திகைதான். 'மைனி, சொன்ன சொல்லக் காப்பாத்துங்க, எம் மவள அனுப்புங்க' என்று நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டும், குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது. கொஞ்சம் குத்தினாலும் தப்பில்லை.

செம்பூர் வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளேயிருந்து டெட்டால் வாசனை வந்தது. படி ஏறும்போதே பச்சைப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. ரோசம்மா ஏறிய படியிலேயே நின்றுவிட்டாள்.

மிக்கேலம்மாள் வெளியே வந்தாள். சேலையை வரிந்து கட்டியிருந்தாள், தலை கலைந்து கிடந்தது. ரோசம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நாள் இருக்குன்னுல்லா நெனச்சிருந்தோம். நேத்து சாயந்தரமே வலி கண்டுட்டு மைனி. மழையில ஆள் அனுப்ப முடியல. விடியக்காலம்தான் பெத்தா. பொட்டப்புள்ள. ரெண்டு உயிரும் நல்லா இருக்கு. நான்தான் பயந்து செத்துட்டேன். நர்ஸம்மா இருந்தாக, நானும் கூடவே இருந்தேன். ராத்திரி பூரா அம்மா அம்மான்னு உங்களத்தான் கூப்பிட்டா. நானும் ஒரு அம்மைதானேன்னு கைய நீட்டுனேன். புடிச்சுக்கிட்டா. ஆனா கூப்பிட்டது உங்களத்தான்."

ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் ரோசம்மாவின் வாயில் இல்லை. நாலா, தரை, சொன்ன சொல், எல்லாம் எங்கோ போய்விட்டது. பிழைத்துக் கிடக்கிறாள், அது போதும் என்று சந்தோஷம் பொங்கியது. அதே நேரத்தில், தான் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருத்தி இருந்துவிட்டாள் என்று நெஞ்சு எரிந்தது. இரண்டும் சேர்ந்து அவளை அறை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போயின.

மேரி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் ஒரு சிவப்பு முகம். அம்மாவின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் காய்ந்து உள்ளங்கை முழுக்கக் காய்ப்பாக இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி வந்துச்சாம்மா?"

"இல்லளா. ஒரு சொட்டு வரல. தரை காஞ்சு கிடக்கு. தொட்டிலு கட்டிட்டு வந்திருக்கேன்."

மேரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

"என்னளா சொல்லுத?"

"நாலா ஆகாது, தண்ணி எப்படியும் வந்துரும்னு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருந்தா, நீ இங்க வந்து எங்கூட இருந்திருப்பல்லா. ரெண்டு மாசமா வாசல் பாத்துக்கிட்டே கெடந்தேன். ஒரு நாளு வந்தியாம்மா நீ? நான் தரையையா கேட்டேன்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ரோசம்மா பதில் சொல்லியிருப்பாள், சந்து முழுக்க எதிர்த்து நின்றபோது பதில் சொன்னவள்தானே. இப்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். சம்பந்தி வீடு என்று பார்க்கவில்லை, அக்கம்பக்கம் பார்க்கவில்லை. மேரியின் கை அவள் தலையில் வந்து விழுந்தது, அங்கேயே கிடந்தது.

மிக்கேலம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மைனி, தரை காஞ்சா அனுப்புதேன்னு நான் சொன்னது சொன்னதுதான். எட்டு நாள் கழிஞ்சதும் நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் மறிக்க மாட்டேன்" என்றாள்.

ரோசம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிள்ளை சிணுங்கியது. எழுந்து அதை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியது கிடையாது அவள். கேட்பதற்கு நாக்கு கூசியது. ஆனாலும் கேட்டாள்.

"எங்க தூக்கிட்டுப் போக, இந்த மழையில. பச்ச உடம்பு. அவ எந்திரிச்சு நடமாடுற மட்டும் நான் இங்கன இருந்துக்கிடட்டுமா மைனி?"

மிக்கேலம்மாள் பரணிலிருந்து ஒரு பாயை இழுத்து எடுத்தாள். மேரியின் கட்டிலை ஒட்டினாற்போல அதை விரித்துப் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.